நண்பரின் மீன் நூலை முடித்துக் கொடுத்த ஜான் ரே



லண்டனில் நம் கடைகளுக்கு மீன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும், ஒரே மீனுக்கு எத்தனை பெயர் என்று. சென்னைக்காரர் வஞ்சிரம் கேட்பார். யாழ்ப்பாணத்தவர் அதையே அறுக்குளா என்பார். கேரளத்துச் சகோதரர் நெய்மீன் என்பார். கடைக்காரர் மாட்டிய அட்டையில் கிங்ஃபிஷ் என்று எழுதியிருக்கும். வீட்டுச் சமையலுக்கு இதனால் நஷ்டமில்லை, குழம்பு ஒன்றுதான். ஆனால் கடல்களிலும் ஆறுகளிலும் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று எழுதிவைக்க நினைப்பவருக்கு இது பெரிய தொல்லை. இரண்டு பெயர் இருந்தால் இரண்டு மீனா, ஒரே மீனா? எந்த மீனை எந்த மீனுக்குப் பக்கத்தில் எழுதுவது?

இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் தேடிய ஒரு பெரிய நூல் 1686-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குப் பணம் கொடுத்தது நம் லண்டன் மாநகரத்து ராயல் சொசைட்டி. அந்த நூலின் முகப்பில் பெரிதாக இருக்கும் பெயர் பிரான்சிஸ் வில்லபி. நூல் வந்தபோது அவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை முடித்துக் கொடுத்தவர் ஜான் ரே. குருவாக அபிஷேகம் பெற்றும், மனச்சாட்சிக்காகப் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கியவர். அவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் பிளாக் நாட்லி என்று ஒரு சிறு கிராமம் உண்டு. அங்கே 1627 நவம்பர் 29 அன்று ஜான் ரே பிறந்தார். அப்பா இரும்படிக்கும் கொல்லர். அம்மா மூலிகைகளை அறிந்தவர். ஊரில் நோயாளிகளுக்குப் பச்சிலை கொடுத்து உதவி செய்வார். எந்த இலை எதற்கு உதவும், ஒன்றுபோல் தோன்றும் இரண்டு செடிகளை எப்படிப் பிரித்தறிவது என்பதெல்லாம் பிள்ளைக்கு முதலில் தெரிய வந்தது அந்த அம்மாவிடம்தான் என்று நாம் எண்ணலாம்.

பக்கத்து ஊரான பிரெயின்ட்ரீயில் பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1644-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கொல்லர் மகனுக்கு அது எளிதான காரியமல்ல. ஆனாலும் படிப்பில் சிறந்து, 1649-இல் டிரினிட்டி கல்லூரியின் அறிஞர் குழுவில் ஒருவரானார். கிரேக்கமும் கணிதமும் கற்பித்தார். கல்லூரிச் சிற்றாலயத்தில் மாணவர்களுக்குப் போதித்தார். ஓய்வு நேரத்தில் கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள வயல்களிலும் வரப்புகளிலும் நடந்து செடிகளைப் பார்த்து, 1660-இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் பார்பிகன் பகுதியிலிருந்த ஒரு சிற்றாலயத்தில் குருவாக அபிஷேகம் பெற்றார். நல்ல வேலை, நல்ல பெயர், தேவ ஊழியம் எல்லாம் கிடைத்துவிட்டதாகத் தோன்றிய காலம் அது.

கையெழுத்துப் போடாத குரு

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் மாறியது. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த நாட்களில், திருச்சபையின் ஆட்சி முறையை மாற்றுவோம் என்று பலரும் ஓர் உடன்படிக்கைக்கு ஆணையிட்டிருந்தார்கள். பிறகு அரசர் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். 1662-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பழைய ஆணை யாரையும் கட்டுப்படுத்தாது என்று எல்லாக் குருமாரும் கல்லூரி அறிஞர்களும் எழுத்தில் அறிக்கையிட வேண்டும். ஆகஸ்ட் 24, பர்த்தொலொமேயு திருநாளுக்குள் செய்யாதவர்கள் பதவி இழப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரே அந்த ஆணையைத் தாமே எடுத்தவர் அல்லர். கையெழுத்துப் போட்டிருந்தால் தம் சொந்த வாக்கை மீறினார் என்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மற்றவர்கள் கடவுள் முன்னிலையில் கொடுத்த வாக்கு செல்லாது என்று அறிவிக்கத் தமக்கு உரிமை இல்லை என்று அவர் கருதினார். கையெழுத்துப் போடவில்லை. கல்லூரிப் பதவி போயிற்று, சம்பளம் போயிற்று, குருப்பணி செய்யும் வழியும் அடைபட்டது. அவருக்கு அப்போது 34 வயது. அவர் சபையை விட்டுப் பிரிந்து போகவில்லை. இங்கிலாந்து திருச்சபையில் சாதாரண அங்கத்தினராகவே கடைசிவரை ஆராதனையில் பங்குபெற்றார்.

மீன் சந்தையில் இரு நண்பர்கள்

வேலையிழந்த ரேக்குக் கை கொடுத்தவர் அவருடைய பழைய மாணவர் பிரான்சிஸ் வில்லபி. ரேயைவிட எட்டு வயது இளையவர், வசதியான குடும்பத்துப் பிள்ளை. வார்விக்‌ஷயரில் மிடில்டன் ஹால் என்ற பெரிய வீடு அவர்களுடையது. செல்வம் இருந்தும் உட்கார்ந்து சாப்பிட விரும்பாதவர். இருவரும் சேர்ந்து ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். உலகத்துச் செடி கொடிகளையும் உயிரினங்களையும் முழுவதும் பார்த்து ஒழுங்குபடுத்தி எழுத வேண்டும். செடி கொடிகள் ரேயின் பங்கு. பறவைகள், மீன்கள், விலங்குகள், பூச்சிகள் வில்லபியின் பங்கு.

1663-இல் கடல் கடந்து புறப்பட்டார்கள். ஹாலந்து, ஜெர்மனி, இத்தாலி என்று ஊர் ஊராகப் போனார்கள். மற்றப் பயணிகள் அரண்மனைகளைப் பார்த்தால் இவர்கள் மீன் சந்தைக்கும் போவார்கள். வெனிஸ் நகரத்துச் சந்தையில் வந்திறங்கிய மீன்களை விலைகொடுத்து வாங்கி, அளந்து, அறுத்துப் பார்த்து, குறிப்பு எழுதினார்கள். ஸ்டிராஸ்பர்க் நகரில் லெயோனார்ட் பால்ட்னர் என்ற மீனவர் இருந்தார். ரைன் ஆற்றின் மீன்களையும் நீர்ப்பறவைகளையும் வண்ணப் படங்களாக்கி, தாம் கண்டதையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். பல்கலைக்கழகம் எதிலும் படித்தவர் அல்லர். வில்லபி அந்த ஏட்டின் ஒரு பிரதியை வாங்கி வந்தார். அது இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வலை வீசும் கைகளுக்குத் தெரிந்தது படித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதை இந்த இரு நண்பர்களும் உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்குப் போனபோதும் மீன்களைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டார்கள்.

நாடு திரும்பிய பின், 1667-இல் ரே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். மிடில்டன் ஹாலில் தங்கி, இருவரும் குறிப்புகளை ஒழுங்கு செய்யத் தொடங்கினார்கள். ஆனால் 1672 ஜூலை 3 அன்று வில்லபி காலமானார். வயது 36. மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். பறவை நூலும் மீன் நூலும் வெறும் குறிப்புகளாகவும் படங்களாகவும் கிடந்தன.

உயிலில் இருந்த பொறுப்பு

வில்லபி தம் உயிலில் ரேக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு எழுதிவைத்து, தம் மகன்களுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார். ரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இரவும் பகலும் நண்பரின் தாள்களோடு உட்கார்ந்தார். 1673-இல் அந்த வீட்டிலேயே இருந்த மார்கரெட் ஓக்லி என்ற பெண்ணை மணந்தார். 1676-இல் பறவை நூல் வெளிவந்தது. அதன் முகப்பிலும் ஆசிரியர் பெயர் வில்லபி என்றே இருந்தது.

அந்த நாட்களில் இன்னொரு மாற்றம் வந்தது. வில்லபியின் விதவை மனைவி சர் ஜோசையா சைல்ட் என்ற பெரும் வணிகரை மறுமணம் செய்துகொண்டார். இன்று லண்டனின் ஒரு பகுதியாகிவிட்ட வான்ஸ்டெட் என்ற இடத்தில் அவருடைய மாளிகை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைவராகி, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் காரியங்களையும் இங்கிருந்தே நடத்தியவர் இவர்தான். வில்லபி வீட்டில் ரேயின் வேலை அத்தோடு முடிந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு வேறு ஊர்களில் சில காலம் தங்கினார். 1677-இல் ராயல் சொசைட்டி அவரைச் செயலாளராக வரும்படி கேட்டது. கௌரவமான வேலைதான், ஆனாலும் அவர் ஏற்கவில்லை. 1679-இல் தாயார் இறந்தபின், தாம் அவருக்காகப் பிளாக் நாட்லியில் கட்டிக்கொடுத்திருந்த வீட்டுக்கே குடிவந்தார். நான்கு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். வருமானம் வில்லபி எழுதிவைத்த அந்த 60 பவுண்டையே பெரிதும் நம்பியிருந்தது. மீன் நூல் இன்னும் மேசைமேல் இருந்தது.

எது மீன்?

பிள்ளைகளே, மீன்களை வரிசைப்படுத்துவதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டதாக அங்கே வாசிக்கிறோம். மீன்களைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. தண்ணீருக்குள் ஒளிந்திருப்பவற்றை வரிசைப்படுத்தும் வேலை மனிதனுக்குப் பின்னாலும் மிச்சமிருந்தது.

ரேக்கு முந்திய நூற்றாண்டில் வந்த பெரிய நூல் ஒன்றில் நீர்வாழ் உயிர்கள் அகரவரிசையில் இருந்தன. அகரவரிசையில் என்ன தவறு? நம் மொழியிலேயே பாருங்கள். கெளுத்தி என்றொரு மீன், கானாங்கெளுத்தி என்றொரு மீன். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போல் இருக்கும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது, மீசை உண்டு, சேற்று நீரிலும் வாழும். கானாங்கெளுத்தி கடலில் கூட்டமாக ஓடும் மீன், மீசை கிடையாது. பெயரை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால் உறவில்லாதவை சேர்ந்துவிடும், உறவுள்ளவை பிரிந்துவிடும். அந்தப் பழைய நூல்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேராயர் அங்கி அணிந்ததுபோல் ஒரு மீன், துறவியைப்போல் ஒரு மீன் என்று படங்கள் போட்டிருந்தார்கள். யாரோ சொன்ன கதைகள் மீன் நூலுக்குள் வந்திருந்தன.

ரேயும் வில்லபியும் வேறு வழியில் போனார்கள். கட்டுக்கதைகளைத் தள்ளினார்கள். கூடுமானவரை தாங்களே கண்ணால் கண்டதை எழுதினார்கள். பெயரை விட்டு உடலைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது எலும்பா, குருத்தெலும்பா? சுறாவும் திருக்கையும் உருவத்தில் வேறுபட்டாலும் இரண்டுக்கும் குருத்தெலும்புதான், ஆகவே அவை ஒரு பக்கம். எலும்புள்ள மீன்கள் மறு பக்கம். அவற்றிலும் நாக்கு மீன்போல் தட்டையானவை எவை, விலாங்குபோல் நீண்டவை எவை? முதுகுத் துடுப்பு ஒன்றா, இரண்டா, மூன்றா? அந்தத் துடுப்பின் கதிர்கள் மென்மையானவையா, குத்தும் முள்ளா?

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சிப்ஸோடு நாம் சாப்பிடும் காட் மீனை முழுதாகக் கடையில் பார்க்கும்போது முதுகை எண்ணிப் பாருங்கள். மூன்று துடுப்புகள் இருக்கும். ஹேடக் மீனுக்கும் அப்படியே மூன்று. இரண்டும் நெருங்கிய உறவு. கானாங்கெளுத்திக்குப் பெரிய துடுப்பு இரண்டு, ஹெர்ரிங் மீனுக்கு ஒன்றே ஒன்று. இந்த எண்ணிக்கையும் கதிர்களின் தன்மையும் இன்றும் மீன் ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் அடையாளங்களில் சேரும்.

எல்லாக் கேள்விக்கும் ரேக்குப் பதில் கிடைத்துவிடவில்லை. செஸ்டர் நகரில் ஒருமுறை போர்ப்பஸ் என்னும் சிறிய ஓங்கில் ஒன்றை அறுத்துப் பார்த்து, 1671-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அதைப் பற்றி எழுதினார். செவுள் இல்லை, நுரையீரல் இருந்தது. இதயமும் மூளையும் நாலுகால் விலங்குகளைப் போலவே இருந்தன. இது மீன்போல் இல்லையே என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் நீரில் வாழ்வதால் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் மீன் நூலிலேயே ஒரு தனிப் பகுதியாக வைத்தார். அவற்றைத் தனியே பிரித்து நிறுத்தி, என்னென்ன வேற்றுமை என்று எழுதியும் வைத்தார். 1758-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அவற்றைப் பாலூட்டிகளோடு சேர்த்தபோது, அதற்கான சான்றுகள் ஏற்கெனவே தாளில் இருந்தன.

விற்காமல் கிடந்த நூல்

நான்கு பாகங்களாக மீன் நூல் தயாரானது. முதல் இரண்டு பாகங்களையும் முழுவதும் ரேயே எழுதிச் சேர்த்தார். மற்றவற்றைத் திருத்தி, ஒழுங்குபடுத்தி, குறைந்த இடங்களை நிரப்பினார். நானூறுக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் இருந்தன. ஆனால் அச்சிடுவது யார்? படங்கள் இல்லாத மீன் நூலால் பயனில்லை, செம்புத் தகட்டில் படம் செதுக்கவோ பெருஞ்செலவு ஆகும்.

அப்போது ராயல் சொசைட்டி லண்டன் பிஷப்ஸ்கேட் தெருவிலிருந்த கிரஷாம் கல்லூரியில் கூடிக்கொண்டிருந்தது. நூலைத் தன் செலவில் வெளியிட அது முன்வந்தது. உறுப்பினர்களும் நண்பர்களும் ஆளுக்குச் சில படத் தகடுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அப்போது சொசைட்டியின் தலைவர். அவர் ஒருவரே 50 பவுண்டு கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகி, 187 படத் தகடுகளோடு 500 பிரதிகள் 1686-இல் வந்தன.

நூல் அழகாக இருந்தது, ஆனால் விற்கவில்லை. சொசைட்டியின் கையிருப்பு காலியானது. அதே நேரத்தில் ஐசக் நியூட்டன் தம் பிரின்சிபியா நூலை அச்சிடக் கொடுத்திருந்தார். புவியீர்ப்பின் விதியைச் சொன்ன நூல் அது. அச்சிடச் சொசைட்டியிடம் காசில்லை. வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்திருக்கும் எட்மண்ட் ஹேலி அப்போது சொசைட்டியில் எழுத்தராக இருந்தார். அவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1687-இல் நியூட்டன் நூலை வெளிக்கொண்டுவந்தார். அவருக்குச் சேரவேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்குப் பதிலாகச் சொசைட்டி அவருக்கு 50 மீன் நூல்களைக் கொடுத்தது! பிள்ளைகளே, ஒரு மாதக் கடைசியில் உங்கள் அப்பா சம்பளத்துக்குப் பதில் ஒரு வண்டி மீன் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தால் அம்மா என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கதையைச் சொல்லி மீன் நூலைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கடையில் விற்காததை வைத்து அந்த நூலை எடைபோடுவது சரியாகாது. நியூட்டன் நூலையும் ரேயின் நூலையும் ஒரே சிறிய சங்கம், பணமில்லாத நாட்களிலேயே, அச்சுக்கு ஏற்றது என்று ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த மீன் ஆய்வாளர்கள் ரேயின் நூலிலிருந்துதான் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

மீண்டும் கிடைத்த பிரசங்க பீடம்

மீன் நூல் வந்த அதே 1686-இல் ரேயின் சொந்த நூலான தாவர வரலாற்றின் முதல் பெரிய தொகுதியும் வந்தது. ஒரு செடியின் விதையிலிருந்து முளைப்பவை எவ்வளவு வேறுபட்டுத் தோன்றினாலும் ஒரே இனம் என்ற தெளிவான விளக்கத்தை அதில் கொடுத்தார். இனம் என்றால் என்ன என்று அதற்குமுன் யாரும் இவ்வளவு திட்டமாகச் சொன்னதில்லை.

1691-இல் லண்டனில் இன்னொரு நூல் வெளியானது. படைப்பின் கிரியைகளில் விளங்கும் தேவ ஞானத்தைப் பற்றியது அது. 104-ஆம் சங்கீதத்தின் 24-ஆம் வசனமே அதற்கு அடிப்படை. கேம்பிரிட்ஜ் சிற்றாலயத்தில் அவர் இளைஞராக இருந்தபோது செய்த போதனைகளை விரித்து எழுதியதுதான் இந்த நூல். 1662-இல் அடைபட்ட வாய் 29 ஆண்டுகளுக்குப் பிறகு அச்சு வழியாகத் திறந்தது. பல பதிப்புகள் வந்தன. எல்லா உயிர்களும் மனிதனுடைய உபயோகத்துக்காக மட்டுமே உண்டாக்கப்பட்டவை என்ற எண்ணத்தை அவர் அதில் ஏற்கவில்லை.

கடைசி ஆண்டுகளில் கால்களில் ஆறாத புண்கள் வந்து அவரை வருத்தின. நடக்க முடியாமல் போயிற்று. மகள்கள் தோட்டத்திலிருந்து கம்பளிப்புழுக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அவர் அவற்றைப் பார்த்துப் பூச்சி நூல் எழுதினார். அதுவும் வில்லபியின் பங்காக இருந்த வேலைதான். 1698-இல் மகள் மேரி இறந்தது அவருக்குப் பெரும் துயரம். 1705 ஜனவரி 17 அன்று, 77-ஆம் வயதில், தாயாருக்காகக் கட்டிய அந்த வீட்டில் ரே உயிர்நீத்தார். பிளாக் நாட்லி ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கை மாறிய வேலை

ரே தம் நண்பருக்குச் செய்ததை இன்னொருவர் ரேக்குச் செய்தார். பறவைகளையும் மீன்களையும் சுருக்கமாக வகைப்படுத்தி ரே எழுதியிருந்த ஒரு கையெழுத்துப் பிரதி அச்சாகாமலே கிடந்தது. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலின் கிழக்குக் கடைசி நிலையமான அப்மின்ஸ்டர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர் ஆலயத்தின் குருவானவர் வில்லியம் டெர்ஹாம் அதைத் தேடியெடுத்து, 1713-இல் லண்டனில் வெளியிட்டார். நுரையீரலால் மூச்சுவிடுபவை, செவுளால் மூச்சுவிடுபவை என்ற பிரிவு அதில் தெளிவாக இருந்தது.

தமிழர்களாகிய நமக்கு அந்த நூலில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி என்பவர் அங்குள்ள பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அந்தச் சென்னைப் பறவைகளின் விவரம் ரேயின் நூலுக்குப் பின்னிணைப்பாக அச்சானது. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான முதல் பட்டியல்களில் அது ஒன்று.

மீன் நூலின் கதை இன்னும் முடியவில்லை. ரே இறந்த அதே 1705-ஆம் ஆண்டு சுவீடனில் ஒரு குருவானவர் வீட்டில் பீட்டர் ஆர்ட்டெடி பிறந்தார். அவரும் லின்னேயஸும் கல்லூரி நண்பர்கள். நம்மில் ஒருவர் முந்தி இறந்தால் மற்றவர் அவருடைய வேலையை முடித்து வெளியிட வேண்டும் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆர்ட்டெடி மீன்களை எடுத்துக்கொண்டார். லண்டனுக்கு வந்து, இங்குள்ள மீன் சேகரிப்புகளைப் பார்த்து, ரேயின் வழியை இன்னும் செம்மையாக்கினார். 1735-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாயில் தவறி விழுந்து, 30 வயதில் இறந்துபோனார். லின்னேயஸ் வாக்குத் தவறாமல் 1738-இல் நண்பரின் மீன் நூலை வெளியிட்டார். மீன்களின் வகைப்பாடு இப்படி இரண்டு முறை, இறந்துபோன இளைஞர் ஒருவரின் தாள்களிலிருந்து, உயிரோடிருந்த நண்பரின் உழைப்பால் காப்பாற்றப்பட்டது.

பிறகு நம் கடற்கரையும் இதில் சேர்ந்தது. தரங்கம்பாடியில் ஊழியம் செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் ஐயர் அங்குள்ள மீன்களைச் சேகரித்து பெர்லினிலிருந்த மீன் அறிஞர் மார்க்கஸ் பிளாக் அவர்களுக்கு அனுப்பினார். நாம் கத்தாளை என்று சமைக்கும் மீன் வகைகளில் ஒரு பேரினத்துக்குப் பிளாக் வைத்த பெயர் ஜானியஸ். தரங்கம்பாடி மிஷனெரியின் பெயரை அந்த மீன்கள் இன்றும் சுமந்துகொண்டிருக்கின்றன.

இன்று உலகில் 35,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புதியவை சேர்கின்றன. சென்னை வஞ்சிரத்துக்கும் யாழ்ப்பாணத்து அறுக்குளாவுக்கும் உரிய பொதுவான அறிவியல் பெயரைச் சொன்னால், எந்த நாட்டு ஆய்வாளரும் எந்த மீன் என்று தெரிந்துகொள்வார். பிள்ளைகளே, விடுமுறையில் சவுத் கென்சிங்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனால், கண்ணாடிக் குடுவைகளில் மீன்கள் வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதுகுத் துடுப்புகளை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து 104-ஆம் சங்கீதத்தை எடுத்து, கடலைப் பற்றிய வசனங்களை வாசியுங்கள்.

பெரியவர்களாகிய நமக்கும் இந்த ஆண்டுவிழா நாளில் ரே நல்ல துணை. இந்தச் சபையில் முந்தினவர்கள் தொடங்கிவைத்து முடிக்காமல் போன வேலைகள் எத்தனையோ இருக்கும். பாதியில் நின்ற பாடகர் குழுக் குறிப்பேடு, யாரோ சேர்க்கத் தொடங்கிய பழைய புகைப்படங்கள், ஒருவர் மட்டும் நடத்திவந்த தமிழ் வகுப்பு. அவற்றில் ஒன்றை எடுத்து முடியுங்கள். முடித்தபின், தொடங்கினவருடைய பெயரை முதலில் எழுதுங்கள்.